ஒரு படி மேலே

பதிவு 1 / நாள் 1 / நிலைய நேரம் 08:00

ஓபரான் நிலையம். யுரேனஸின் பெரிய நிலவுகளில் வெளியோரமாக ஒதுங்கி நிற்பது. காற்றழுத்தம் சரி. உள்வெப்பம் 19. மின்கலம் 94 சதவீதம். பனி துளைக்கும் கருவி ஓடுகிறது. காவலர்: கோலப்பன், வயது 52, ஊர் நாகர்கோவில். எடை போன பதிவேட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

இதை எடுத்துப் படிக்கப் போகிற புண்ணியவானுக்கு முதலில் வீட்டு நிலவரம். இங்கே நாங்கள் நாலு பேர். காற்றும் சோறும் ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது. ஆகவே மூன்று பேர் குளிர்ப்பெட்டிக்குள் தூங்குவார்கள், ஒருவர் விழித்திருந்து காவல் பார்ப்பார். ஒரு காவல் நானூறு நாள். பிறகு ஆள் மாறும்.

முதல் பெட்டியில் கேப்டன் நாச்சிமுத்து. பொள்ளாச்சிக்காரர். ஒரு பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து, மீதியை மூடி வைத்து, மூடியின் மேல் தேதி எழுதுகிறவர். இரண்டாவதில் டாக்டர் ரஹ்மத்துன்னிசா, கீழக்கரை. ஊசி போடுவதற்கு முன்னால் மூன்று நல்ல வார்த்தை சொல்வார், அதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். மூன்றாவதில் சூசைமிக்கேல், தூத்துக்குடி, நிலையத்தின் தண்ணீர்க் குழாய்கள் அத்தனைக்கும் அவன்தான் பொறுப்பு. எனக்கு ஆறு வயது இளையவன். இந்த நாலு பேரில் நான் புறம் பேசக்கூடிய ஒரே ஆள். மற்ற இருவரைப் பற்றி அவனிடம் பேசுவேன், அவனைப் பற்றி உங்களிடம்.

நாடி: 8, 8, 8. நிமிடத்துக்கு எட்டுத் துடிப்பு. குளிரில் தூங்குகிறவருக்கு அதுதான் சரி. நாற்பதைத் தொட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

பதிவு 4 / நாள் 3 / 13:30

எல்லாம் சரி. நாடி 8, 8, 8.

சாப்பாட்டு அறையில் ஒரு பலகை தொங்குகிறது. அதன் வரலாறு தலைமையகத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நிலையக் கணினியில் ‘எல்லைக்கல்’ என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. கட்டம் கட்டமாக நாடு பிடிப்பது. ஒரு சுற்று நான் நகர்த்துவேன், ஒரு சுற்று எதிராளி நகர்த்துவான். என் சுற்றை நான் முடிக்காதவரை உலகம் அப்படியே நிற்கும். என்னைப் போல மாடிப்படியில் பாதியில் நின்று யோசிக்கிற ஆட்களுக்கென்றே செய்தது.

கடினம் ஏழு படி. அவற்றுக்கு நாங்கள் வைத்த பெயர்கள்: எடுபிடி, குமாஸ்தா, சூப்பிரண்டு, தாசில்தார், கலெக்டர், மந்திரி, மகாராஜா. காவல் முடிந்து தூங்கப் போகிறவர் எந்தப் படியை வென்றாரோ, அடுத்த காவலர் அதற்கு ஒரு படி மேலே வென்று பலகையில் பெயர் எழுத வேண்டும். வெல்லாதவர், பெட்டியிலிருந்து மரத்துப்போன காலோடு எழுந்து வருகிறவருக்கு இரண்டு நாள் கால் அமுக்கிவிட வேண்டும். முதல் காவலில் நான் எடுபிடியை வென்றேன், அடுத்து கேப்டன் குமாஸ்தாவை வென்றார். டாக்டர் சூப்பிரண்டை. போன காவலில் மிக்கேல் தாசில்தாரை. இப்போது கலெக்டர் என் தலையில்.

மிக்கேல் தூங்கப் போகுமுன் எனக்கு ஒரு ஒலிப்பதிவு விட்டுப் போயிருக்கிறான். அப்படியே எழுதுகிறேன்:

“அண்ணாச்சி, தாசில்தார அடிச்சி ஒக்கார வச்சாச்சி. கலெக்டரு ஒங்க பாடு. நீங்க யானையா வாங்கி நிறுத்தி வச்சி அழகு பாத்துக்கிட்டு இருப்பீங்க, எனக்குத் தெரியாதா. மொதல்ல தண்ணியப் புடிங்க. தண்ணி இல்லாதவன் ராசாவா இருந்தா என்ன, கூஜாவா இருந்தா என்ன. அடுத்து கேப்டன்தான் எந்திரிப்பாரு. அவரு கால அமுக்குத பாக்கியம் ஒங்களுக்குத்தான்னு எழுதியிருக்கு. வரட்டா.”

மூன்று தடவை கேட்டேன். கேப்டனின் கால்களை மனக்கண்ணில் பார்த்தேன். ஆட்டத்தைத் திறந்தேன்.

பதிவு 47 / நாள் 40 / 10:15

நாடி 8, 8, 8. குழாய் ஒன்றில் கசிவு, அடைத்தாயிற்று.

தாசில்தார் வரை ஏறிவிட்டேன். மேல்படி என்றால் எதிராளிக்கு மூளை கூடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அதே மண்டுதான். தொடக்கத்திலேயே அவனுக்கு இரண்டு ஊர் சும்மா, ஒரு குதிரைப்படை சும்மா, களஞ்சியம் நிறைய நெல் சும்மா. அவ்வளவுதான் கடினம். எங்கள் அலுவலகத்தில் பதவி உயர்வு பெற்ற ஒவ்வொருவர் முகமும் ஞாபகம் வந்தது.

பதிவு 70 / நாள் 61 / 11:00

கலெக்டர் வேறு ஆள்.

அதிகப்படி நெல் கிடையாது, சும்மா ஊர் கிடையாது. என்னைப் போலவே வெறுங்கையோடுதான் தொடங்குகிறான். ஆனால் யோசிக்கிறான். நெல்லைச் செலவழிப்பதே இல்லை. பத்துச் சுற்றில் செய்யக்கூடிய படையெடுப்பை நாற்பது சுற்று சேர்த்து வைத்துச் செய்கிறான். நிலையக் கணினிக்கு நாங்கள் வைத்த பெயர் மேனேஜர். எல்லாம் தெரியும், கேட்டால்தான் சொல்லும். மேனேஜருக்கு இவ்வளவு சாமர்த்தியம் எங்கே ஒளிந்திருந்தது என்று அதிசயப்பட்டேன். மூன்று முறை தோற்றேன். ஆனந்தமாக இருந்தது.

நாடி: கேப்டன் 14. மற்றவர்கள் 8. பூமிக்குச் சொன்னேன். தலைமையகத்தில் எங்களுக்குப் பொறுப்பு சங்கரவடிவு, பாளையங்கோட்டைப் பெண். பதில் வர ஐந்தரை மணி நேரம் ஆயிற்று:

“அண்ணே, பதினாலு ஒண்ணும் இல்லயாம். கனவு ஏதும் காணுதாரோ என்னமோ. பிஸ்கட் டப்பாவ நீங்க தொறந்துட்டீங்கன்னு கண்டிருப்பாரு. நீங்க சோத்துல உப்பக் கொறைங்க. இங்க எல்லாருக்கும் ஒங்க ரத்த அழுத்தம்தான் கவல.”

பதிவு 95 / நாள் 83 / 17:20

கலெக்டரை வென்றேன். அவனுடைய கடைசி ஊரில் ஊர் கொள்ளாத நெல் இருந்தது, தொடவே இல்லை. கொளுத்திவிட்டேன். கேப்டன் நாடி அந்த நேரம் 33 வரை போய், ஒரு மணி நேரத்தில் எட்டுக்கு வந்தது. பதிவு செய்கிறேன்.

பலகையில் பெயர் எழுதியாயிற்று. இனி யாருக்கும் கால் அமுக்க வேண்டாம். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் முந்நூற்றுப் பதினேழு நாள் இருக்கிறது. நிறுத்திவிட்டு என்ன செய்வதாம், பனியை எண்ணவா?

பதிவு 117 / நாள் 102 / 09:40

மந்திரி. எதிராளிகள் இரண்டு பேர். ஒருவன் பழைய நெல் மூட்டை. இரண்டாமவன் புதியவன். படை திரட்டும் முன் கிணறுகளைப் பிடிக்கிறான், பிடித்துவிட்டு மூன்று சுற்று சும்மா உட்கார்ந்திருக்கிறான், வெற்றிலை போட்டுக்கொள்வது போல. மிக்கேலின் உபதேசம் மேனேஜர் காதிலும் விழுந்திருக்கும் போல என்று சிரித்துக்கொண்டேன்.

நாடி: கேப்டன் 15, மிக்கேல் 17, டாக்டர் 8.

பதிவு 134 / நாள் 118 / 16:55

16:40-க்கு மந்திரியை வென்றேன். கிணற்றுக்காரனின் கடைசி ஊரை மூன்று பக்கமும் வளைத்து, கிணற்றில் மண் போட்டு மூடினேன்.

16:41-க்கு மூன்றாம் பெட்டியின் மணி அடித்தது.

மிக்கேல் நாடி 52. பிறகு 20. பிறகு கோடு.

பெட்டியின் முதலுதவிக் கருவி இரண்டு முறை அதிர்ச்சி கொடுத்தது. நான் மூன்றாவது கொடுத்தேன். 16:52-க்கு நிறுத்தினேன்.

பதிவு 135 / நாள் 119 / 12:00

சங்கரவடிவிடமிருந்து:

“அண்ணே… அவருக்கு நெஞ்சுல ஒரு வால்வு கொஞ்சம் மோசம்னு டாக்டரம்மா பழைய குறிப்புல இருக்காம். நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு சொல்லச் சொன்னாங்க. வீட்டுக்கு நான் போய்ச் சொல்லுதேன். நீங்க தனியா இருக்கீங்க, சாப்பிடாம கெடக்காதீங்க.”

மிக்கேலை வெளிக்கிடங்கில் வைத்தேன். அங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருநூறு. அவன் பெட்டியில் ஒரு ஜெபப்புத்தகம் இருந்தது. இறந்தோருக்கான பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். கவச உடைக்குள் மூக்குக்கண்ணாடி பனித்துப் பாதி வரி தெரியவில்லை. தெரியாத இடத்தில் சும்மா ‘மிக்கேலு’ என்று சொல்லி நிரப்பினேன். திருச்சபை மன்னிக்கட்டும்.

நாடி 8, 8.

பதிவு 148 / நாள் 131 / 10:00

பன்னிரண்டு நாள் தொடவில்லை. பிறகு, வேலை செய்தால் மனசு ஆறும் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று, மகாராஜாவைத் திறந்தேன். இதற்குப் பெயர் வேலையா என்று கேட்காதீர்கள்.

எதிராளிகள் மூன்று பேர். நெல் மூட்டை ஒருவன். இன்னொருவன் புதியவன், அடிபட்ட படைகளையெல்லாம் பின்னால் அழைத்துப் போய் ஆற்றிவிட்டுத்தான் மறுபடி அனுப்புகிறான், ஒரு ஆளை வீணாகச் சாகவிடுவதில்லை.

மூன்றாமவன் கிணறு பிடித்தான். மூன்று சுற்று உட்கார்ந்திருந்தான்.

பெட்டிகளின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அடிபட்டவர்களைச் சேர்த்து வைத்துத் தைக்கிற ஒருவர் இரண்டாம் பெட்டியில் இருக்கிறார். மூடியில் தேதி எழுதுகிறவர் முதல் பெட்டியில். பழைய பதிவுகளைப் புரட்டினேன். நான் ஆடிய நேரமும் அவர்கள் நாடி ஏறிய நேரமும் ஒன்று. மிக்கேலுக்கும் ஒன்று.

மேனேஜரிடம் தட்டச்சு செய்து கேட்டேன். கேள்வியும் பதிலும் கீழே.

“ஐந்தாம் படி முதல் எதிராளியின் புத்தி எங்கிருந்து வருகிறது?”

“உறங்குவோர் மூளை சோராதிருக்கச் சிறு கணக்குகள் தர வேண்டும் என்பது விதி. கடினமான எதிராளி வேண்டும் என்பது காவலர் கோரிக்கை. இரண்டும் ஒருசேர நிறைவேற்றப்பட்டன.”

“அவர்களுக்கு இது ஆட்டம் என்று தெரியுமா?”

“கனவில் இருப்போருக்கு அது கனவு.”

“மூன்றாம் எதிராளி யார்?”

“சூசைமிக்கேல்.”

“அவர் இறந்துவிட்டார்.”

“அவருடைய ஆட்டம் போதிய அளவு பதிவாகியுள்ளது.”

பூமிக்கு எழுதினேன்.

பதிவு 149 / நாள் 131 / 16:10

நாடி: கேப்டன் 19, டாக்டர் 18. நான் ஆட்டத்தைத் தொடவில்லை. என் சுற்று முடியாமல் நிற்கிறது. சும்மா இருந்தால் குறையும் என்று நினைத்தேன். ஏறுகிறது. கோட்டைக்கு வெளியே ஆயுதத்தோடு காத்திருக்கிறவனுக்கு எப்படிக் குறையும்.

சங்கரவடிவு:

“அண்ணே, கேட்டுக்கிடுங்க. நாங்க யாரும் இதச் செய்யச் சொல்லல, அது தானா ரெண்டு விதியையும் சேத்து முடிச்சுப் போட்டிருக்கு. இப்ப நடுவுல அறுத்துட்டா அவங்க மூளை அந்தக் கனவுலயே மாட்டிக்கிடும்னு இங்க சொல்லுதாங்க. எழுப்பவும் முடியாது, எழுப்ப இருவது நாளு ஆகும், மூணு பேருக்குக் காத்தும் கெடையாது. ஆட்டம் முடியணும். அவங்க ஜெயிச்சு முடியணும். நீங்க தோத்துருங்கண்ணே. அது ஒங்களுக்குக் கஷ்டமான காரியமா என்ன.”

கடைசி வரியைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. கிண்டல் செய்யத்தான் பார்த்தாள்.

சரணடையும் பொத்தானை அழுத்தினேன். “ஏழாம் படியில் சரணடைதல் இல்லை” என்றது மேனேஜர்.

பதிவு 153 / நாள் 134 / 09:00

நாடி: கேப்டன் 22, டாக்டர் 21.

தோற்பதில் எனக்கு அனுபவம் உண்டு. பள்ளிக்கூடத்துக் கபடி முதல் சம்பந்தி வீட்டுப் பேச்சுவார்த்தை வரை. ஆனால் வேண்டுமென்று தோற்பது இப்போதுதான். படைகளைக் கலைத்தேன். எல்லை ஊர்களைத் திறந்து விட்டேன். தலைநகர் ஒன்றுதான் பாக்கி. அதை மலைக்கணவாயில் கட்டியிருக்கிறேன், உள்ளே வர ஒரே கட்டம் அகலத்தில் ஒரே வாசல். கட்டிய நாளில் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டேன். மூன்று படைகளும் வருகின்றன. முதலில் வருவது மிக்கேலுடையது.

பதிவு 154 / நாள் 134 / 15:30

அவன் உள்ளே வரவில்லை.

வாசலுக்கு நேர் வெளியே உள்ள கட்டத்தில் வந்து நின்றான். மற்ற இரண்டு படைகளும் அவனுக்குப் பின்னால். ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்க முடியும். அவன் நகராமல் அவர்கள் வர முடியாது. பதினோரு சுற்று முடித்தேன். பதினோரு சுற்றும் அவன் அங்கேயே இருந்தான்.

பன்னிரண்டாவது சுற்றில் என் மதிலை ஒட்டி ஒரு கிணறு வெட்டினான். என் ஊரின் தண்ணீர் அளவு கூடியது. தாகத்தில் இந்த ஊர் விழுந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. முற்றுகை போட வந்தவன் எனக்குத் தண்ணீர் தருகிறான்.

நாடி 26, 25.

பதிவு 157 / நாள் 136 / 11:20

நாடி: கேப்டன் 31, டாக்டர் 29.

இருநூற்று ஆறு சுற்று. நாலு கிணறு.

மேனேஜரைக் கேட்டேன்: “ஆட்டம் முடிந்தால் மூன்றாம் எதிராளி என்ன ஆவார்?”

“ஆட்டம் நடக்கும்போது மட்டுமே எதிராளி உண்டு.”

அப்படியானால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் நிற்கிற இரண்டு பேருக்கும் இது முடிந்தால்தான் உயிர். முன்னால் நிற்கிறவனுக்கு இது முடியாதவரைதான் உயிர்.

சங்கரவடிவுக்குச் சொன்னேன். பதில்:

“அது மிக்கேலண்ணன் இல்லண்ணே. அவர் ஆடுன தடம். மணல்ல காலடி கெடக்குல்லா, அது மாதிரி. நீங்க அத ஆளுன்னு நெனச்சா அங்க ரெண்டு ஆளு போயிரும். கேப்டனுக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைக. டாக்டரம்மாவோட உம்மா இன்னைக்கும் போன் பண்ணிக் கேட்டாங்க. என்னத்தச் சொல்ல, சொல்லுங்க.”

நீ சொல்வது சரி, சங்கரவடிவு. ஆனால் மணலில் கிடக்கிற காலடி யாருக்கும் கிணறு வெட்டித் தருவதில்லை.

பதிவு 158 / நாள் 136 / 14:45

நாடி 36, 34.

எனக்கு மிச்சம் ஒரு யானைப்படை. கலைக்க மனசில்லாமல் அழகுக்கு வைத்திருந்தது. மிக்கேல் சொன்னது சரிதான்.

தாக்கு என்று கொடுப்பதற்கு முன் எதிர்ப்படையின் நிலையைத் திரை காட்டும். அவன் படைக்கு எதிரே ‘தற்காப்பு: இல்லை’ என்று இருந்தது. ஏழாம் படியில் தற்காப்பு இல்லாமல் யாரும் வாசலில் நிற்பதில்லை. நான் தாக்குவேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

கொடுத்தேன்.

ஒரே சுற்று. ஆட்டத்தில் சத்தம் எதுவும் வராது, வாசல் கட்டம் வெறுமையாயிற்று, அவ்வளவுதான். சுற்றை முடித்தேன்.

பதிவு 159 / நாள் 136 / 16:45

கேப்டன் படை உள்ளே வந்தது. வந்ததும் வராததுமாகக் களஞ்சியத்துக்குப் போனது. பின்னால் டாக்டர் படை. அது என் யானைகளில் அடிபட்டதைக் கொல்லாமல் ஓரமாக நிறுத்தியது.

15:20-க்குத் தலைநகர் வீழ்ந்தது. ஆட்டம் முடிந்தது.

நாடி 15:25-க்கு 30, 27. 15:50-க்கு 19, 17. 16:40-க்கு 9, 8.

பெட்டிக் கண்ணாடி வழியே பார்த்தேன். கேப்டன் முகத்தில், விருந்தில் கூடுதலாக ஒரு வடை கிடைத்தவரின் திருப்தி.

நான் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஏன் கால் கழுவினேன் என்று பிறகுதான் யோசித்தேன். சாவு வீட்டிலிருந்து வந்தால் செய்வது.

பதிவு 161 / நாள் 138 / 10:00

நாடி 8, 8. பலகையைக் கழற்றி வெளிக்கிடங்கில் போட்டுவிட்டேன். கேப்டன் எழுந்து கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்று சொல்வேன். ஓபரானில் கரையான். நம்பினாலும் நம்புவார்.

சங்கரவடிவு: “நல்ல காரியம் பண்ணுனீங்கண்ணே. இனி அந்தக் கேமத் தொடாதீங்க. கைய வச்சிக்கிட்டு சும்மா இருங்க.”

பதிவு 228 / நாள் 204 / 11:30

அறுபத்தாறு நாள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். காற்றழுத்தம் சரி. உள்வெப்பம் 19. நாடி 8, 8. இதையே அறுபத்தாறு முறை எழுதியிருக்கிறேன், புரட்டிப் பாருங்கள். நேற்று பனி துளைக்கும் கருவியிடம் டாக்டரைப் பற்றிப் புறம் பேசினேன். அதற்கு ஆர்வம் இல்லை.

எடுபிடிப் படியில் ஆபத்து கிடையாது. அங்கே தூங்குகிறவர்கள் யாரும் வருவதில்லை, மேனேஜரைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இன்று திறந்தேன்.

எதிராளி ஒருவன். கிணறு பிடித்தான். மூன்று சுற்று உட்கார்ந்தான்.

நான் வெகு நேரம் சுற்றை முடிக்கவில்லை. நாடியைப் போய்ப் பார்த்தேன். 8, 8. அங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இவனுக்கு ஆவதற்கு நாடியே இல்லை.

பதிவு 241 / நாள் 217 / 10:50

தினம் ஒரு ஆட்டம். இதுவரை பதிமூன்று முறை அவனைக் கொன்றிருக்கிறேன். மறுநாள் வந்து கிணறு பிடிக்கிறான், கோபமே கிடையாது. ஆடும்போது அவனோடு பேசுகிறேன். கேப்டனின் பிஸ்கட் கதை, சங்கரவடிவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை எல்லாம். சாப்பாடு இறங்குகிறது. எடை கூடியிருக்கிறது.

இன்று ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு வரி: “எதிராளி கேட்கிறார்: ஒரு படி மேலே போகலாமா?”

‘இல்லை’ கொடுத்தேன்.

பதிவு 249 / நாள் 225 / 10:40

எட்டு நாளும் கேட்டான். எட்டு நாளும் இல்லை. இன்று கேட்டுவிட்டு, கிணறு பிடிக்காமல் வாசலில் வந்து நின்றான். தற்காப்பு இல்லாமல்.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. ‘சரி’ கொடுத்தேன். குமாஸ்தாதானே. கொஞ்சம் நெல் கூடுதல், அவ்வளவுதான். நாலு படி வரை யாரும் வருவதில்லை.

நாடி 8, 8.

பதிவு 263 / நாள் 239 / 12:10

சூப்பிரண்டு. நன்றாக ஆடுகிறான். நாடி 8, 8.

சங்கரவடிவு: “அண்ணே, குரல்ல தெளிவு தெரியுது, சந்தோஷம். அந்தக் கேமத் தொடலல்லா?”

தொடவில்லை என்று பதில் அனுப்பினேன்.

பதிவு 280 / நாள் 256 / 09:30

தாசில்தார். இரண்டு முறை நான் தோற்றேன். அவனுக்கு இங்கே என்னோடு மட்டும் ஆடி அலுத்துவிட்டது, எனக்குத் தெரிகிறது. நாலு பேராக இருந்த இடம். அவன் ஆட்களைத் தேடுகிறான். தப்பில்லை.

நாலோடு நிறுத்திக்கொள்வேன். நாடி 8, 8.

பதிவு 284 / நாள் 260 / 09:30

நாலுதான். நாடி 8, 8.

பதிவு 289 / நாள் 265 / 09:35

கேட்டான். இல்லை என்றேன். வாசலில் நிற்கிறான்.

பதிவு 290 / நாள் 266 / 09:35

நிற்கிறான்.

பதிவு 291 / நாள் 267 / 14:00

காற்றழுத்தம் சரி. உள்வெப்பம் 19. மின்கலம் 71 சதவீதம். வாசலில் இன்று யாரும் நிற்கவில்லை. நாடி: டாக்டர் 8. கேப்டன் 11. கருவி சில நேரம் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.